ஷட்டருக்குள் குடியேறிய வீட்டுக்காரர்கள்

பவுலின் அதுவரை பதினோரு வாடகை வீடுகளில் குடியிருந்தாள். யாராவது கேட்டால் விரல்விட்டு வரிசையாகச் சொல்லுவாள். சொல்லும்போது வீட்டைச் சொல்லமாட்டாள், வீட்டுக்காரரைத்தான் சொல்லுவாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றவர். விருந்தாளி வந்தால் எத்தனை பேர், எத்தனை நாள் என்று ஜன்னல் வழியாக விசாரித்தவர். சந்தையிலிருந்து வந்தால் பையில் மீன் இருக்கிறதா என்று மோப்பம் பிடித்தவர். ஒருவர் நல்ல மனிதர்தான். ஆனால் பவுலின் வேலைக்குப் போனதும் மாற்றுச்சாவி போட்டு உள்ளே வந்து, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

எல்லாவற்றையும் அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள், ஒன்றைத் தவிர. மகள் நான்சி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், ‘இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க’ என்று ஒரு வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். 

கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம், இருபத்தோரு வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் அவள். மலையில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது; எல்லோருக்கும் ‘நர்ஸம்மா’தான். பிறகு பதவி உயர்வு வந்து, மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்கு மாற்றினார்கள். கணவன் சவரிமுத்து மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். நான்சி விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். ஆக மூன்று பேரும் மூன்று ஊரில் இருந்தார்கள். மூன்று பேரும் ஒன்றுகூட ஒரு சொந்தக் கூரை வேண்டும் என்று பவுலின் தீர்மானித்தபோது அவளுக்கு வயது நாற்பத்தெட்டு.

சவரிமுத்துவுக்கு வேறு ஆசை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் அரை ஏக்கர் கரும்பு நிலம் வாங்க வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“நெலம் வாங்கினா யாருங்க அதுல எறங்கறது?” என்றாள் பவுலின். “நீங்க ஆலையில இருக்கீங்க. நான் ஊசி போட்டுக்கினு இருக்கேன். நான்சி வந்து மாடு ஓட்டுவாளா?”

“வூடு வாங்கினா மட்டும்?”

“ஒரு வூடு வாங்கினா நாம மட்டும் இருக்கலாம். மூணு போர்ஷன் வூடா வாங்கினா ஒண்ணுல நாம இருந்துக்கலாம். மத்த ரெண்டு வாடகையில பேங்குத் தவணை போயிடும்.”

சவரிமுத்து அதிகம் பேசுகிறவனில்லை. எந்த மெஷினாக இருந்தாலும் கழற்றிப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்லமாட்டான். “மொதல்ல வூட்டப் பாக்கலாம்” என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் சம்மதம் எதிர்பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து வீடுகளுக்குக் கிராக்கி கூடிவிட்டது. எட்டு மாதம் அலைந்தார்கள். கடைசியில் கச்சிராயபாளையம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் அந்த வீட்டைப் பார்த்தார்கள். கீழே இரண்டு போர்ஷன், மேலே ஒன்று. முன்பக்கம் தெருவைப் பார்த்தபடி, ஷட்டர் போட்ட நீளமான கடை அறை ஒன்று, பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் கோயம்புத்தூரில் இருக்கிற மகளிடம் போய்ச் சேருவதற்காக விற்கிறார். சவரிமுத்து மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தான், மோட்டாரை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டான், சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். இறங்கி வந்து தலையை ஆட்டினான். பவுலினுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

“மூணு போர்ஷன்லயும் ஆளு இருக்காங்கம்மா” என்றார் ஜெயப்பிரகாஷ். “பத்திரம் பண்றதுக்குள்ள ஒருத்தர நான் காலி பண்ண சொல்லிடறேன்.”

“இந்த ஷட்டரு ஏங்க பூட்டியே இருக்குது?” என்று கேட்டாள் பவுலின்.

“ஏதாவது பேங்க்காரன் ஏடிஎம் வைக்க வருவான்னு ஆறு வருஷமா வச்சிருக்கேன். வரல.”

ஆவணி மாதம் பத்திரப் பதிவு முடிந்தது. ஜெயப்பிரகாஷ் சாவிக்கொத்தைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பஸ் ஏறப் போகும்போது, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “காலி பண்றத மட்டும் நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்கு வாய் வரல. ரொம்ப வருஷமா இருக்கிறவங்க.”

இப்படியாகப் பவுலின் மூன்று போர்ஷன் வீட்டுக்குச் சொந்தக்காரியானாள். ஆனால் குடியிருக்க அதில் இடமில்லை. இவர்கள் இருந்த வாடகை வீட்டையோ மாதக் கடைசியில் விடுவதாகச் சொல்லியாயிற்று.

“நீ போய் சொல்லிட்டு வா” என்றான் சவரிமுத்து. “நீதான் பேசுவ.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகப் போனாள். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தாள். கோபமாகப் பேசக் கூடாது, கெஞ்சவும் கூடாது. மூன்று மாதம் டைம் கொடுக்கலாம். அட்வான்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கீழே முதல் போர்ஷனில் ராணியம்மாள். அறுபதை நெருங்கும் தனி ஆள், பதினாலு வருஷமாக அங்கே இருக்கிறாள். இட்லி மாவு அரைத்து விற்பதுதான் பிழைப்பு. இரண்டு அறையில் ஒன்றை கிரைண்டரும் அரிசி மூட்டையும் பிடித்துக்கொண்டிருந்தன. பவுலினைப் பார்த்ததும் அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்:

“காலி பண்ண சொல்ல வந்தீங்களா, வூட்டுக்காரம்மா?”

அந்த ‘வூட்டுக்காரம்மா’ என்ற வார்த்தை பவுலினைத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வீடுகளில் பதினோரு பேரை அவள் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். தன்னை ஒருத்தி அப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

“இல்லக்கா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ராணியம்மாள் உடனே அடுப்பில் கல்லைப் போட்டாள். மூன்று தோசை சாப்பிட்டு, அவளுக்குப் பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடச் சொல்லிவிட்டுப் பவுலின் எழுந்தாள்.

இரண்டாவது போர்ஷனில் அன்புச்செல்வன் என்று ஒரு பையன், தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவன் மனைவி மலர்விழிதான் கதவைத் திறந்தாள். ஏழு மாத வயிறு. பவுலின் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

“கால் வீங்கியிருக்குதே. எத்தன நாளா இப்படி இருக்குது? செக்கப் புக்க எடு.”

அரை மணி நேரம் அந்தப் புத்தகத்தைப் புரட்டி, உப்பைக் குறைக்கச் சொல்லி, மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, தன் போன் நம்பரைக் காலண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதுதான் தான் எதற்காக வந்தோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சாமான் கட்டச் சொல்லுவதா என்று அதையும் விட்டுவிட்டாள்.

மிச்சம் இருந்தது மாடி. அங்கே கலையரசன் என்பவர் குடியிருந்தார். சொந்த ஊர் மலையில் சேராப்பட்டுப் பக்கம். வெள்ளிமலை போகிற பஸ்ஸில் கண்டக்டர். மனைவி ஆயம்மாள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். பிள்ளைகளை டவுனில் படிக்கவைக்க வேண்டும் என்று இறங்கிவந்து, மலைக்காரர்கள் என்று தெரிந்ததும் வீடில்லை என்று சொன்ன வாசல்களை எண்ணிக்கொண்டே வந்து, இருபத்திரண்டாவதாக இந்த வீடு கிடைத்ததாம். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுவதுபோலச் சொன்னார். பெரிய பெண் பத்தாம் வகுப்பு. மேசையில் கணக்குப் புத்தகம் விரித்திருந்தது.

பவுலின் அதைப் பார்த்தாள். கொடுத்த கடுங்காபியைக் குடித்தாள். “நல்லா படிம்மா” என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் சவரிமுத்து கேட்டான்: “யார காலி பண்ண சொன்ன?”

“யாரையும் சொல்லலங்க.”

“அப்ப இவ்ளோ நேரம் இன்னா பண்ண?”

“தோச சாப்ட்டேன். செக்கப் பண்ணேன். காபி குடிச்சேன்.”

 சவரிமுத்துவுக்குக் கோபம் வரும் என்று பவுலின் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு சத்தமாகவே சிரித்தான். சிரித்து முடித்து, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான், சட்டையெல்லாம் ஒட்டடை.

“அந்த ஷட்டர் ரூம்பு பதினெட்டு அடி நீளம் இருக்குது. பின்னால ஜன்னல் இருக்குது. பக்கத்துச் சந்துல தனியா பாத்ரூமு இருக்குது. அடுப்பு வைக்க ஒரு மேடை கட்டிட்டா போதும். யாராவது தானா காலி பண்ற வரைக்கும் அதுல இருந்துக்கலாம்.”

“கடையிலயா?”

“கடைன்னு யாரு சொன்னது? கடைன்னா சாமான் விக்கணும்.”

புரட்டாசியில் குடிபோனார்கள். ஊரில் வீட்டுக்காரர் வீடு என்றால் தேக்குக் கதவும் கோலமும் இருக்கும். இவர்கள் வீட்டில் காலையில் ‘கடகடகட’வென்று ஷட்டர் ஏறும், தெருவே எழுந்துவிடும். புதுவீட்டை ஜெபம் சொல்லி மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் தெருவில் இரண்டு முறை மேலும் கீழும் நடந்துவிட்டு, பிறகுதான் பவுலினைக் கண்டுபிடித்தார்.

“வீடுன்னு சொன்னியேம்மா?”

“இதான் சாமி வூடு.”

அவர் ஷட்டரை அண்ணாந்து பார்த்தார். “கடை மந்திரிக்கறதுக்கு வேற ஜெபம் இருக்குது. எதுக்கும் ரெண்டையும் சொல்லிடறேன்” என்று சொல்லிவிட்டு, அப்படியே செய்தார்.

ஷட்டரைத் தூக்கிவிட்டால் தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் ஒருவர் வந்து, “ஆதார் கார்டு ஜெராக்ஸ் ரெண்டு” என்று நீட்டுவார். இன்னொருவர் ரீசார்ஜ் கேட்பார். பள்ளிப்பிள்ளைகள் சாக்பீஸ் கேட்டு வந்தார்கள். ஒரு பெரியவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சவரிமுத்துவிடம் “முடி வெட்டணும், மீசைல கைய வைக்காத” என்றார். சவரிமுத்து பொறுமையாக அவரைச் சலூனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த நான்சிக்கு முதல் நாள் அழுகையே வந்துவிட்டது. “சொந்த வூடு வாங்கினோம்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்மா. யாராவது வந்தா எங்க உக்கார வைக்கறது, கல்லாவுலயா?” இரண்டாம் நாள் அவளே ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் ‘இது கடை அல்ல, வீடு’ என்று எழுதி ஷட்டர் ஓரம் மாட்டினாள். அன்று மாலை ஒருவர் வந்து, அந்த மாதிரி அட்டை எழுத எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அதற்குப் பிறகு நான்சியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கிடையில் ஐப்பசியில் மலர்விழிக்குப் பெண்குழந்தை பிறந்தது. பவுலின் சொன்னபடி ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரை போட்டு, கால் வீக்கம் வடிந்திருந்தது. வலி எடுத்த காலையில் ஆட்டோவில் கூடவே போனவளும் பவுலின்தான்.

ராணியம்மாள் மட்டும் கொஞ்சம் ஒதுங்கியே இருந்தாள். தினமும் காலையில் ஒரு தூக்குச்சட்டியில் மாவைக் கொண்டுவந்து ஷட்டர் ஓரம் வைத்துவிட்டு, நிற்காமல் போய்விடுவாள். காசு கொடுத்தால் வாங்கமாட்டாள். பவுலினுக்கு அது புரியவில்லை. பயத்தில் கொடுக்கிறாள் என்று சவரிமுத்துதான் சொன்னான்: “வூட்டுக்காரங்க கடையில படுத்துக்கினு இருக்காங்க. தனி ஆளு ரெண்டு ரூம்புல இருக்குது. மொதல்ல தன்னத்தான் கெளப்புவாங்கன்னு அதுக்குத் தெரியாதா?”

பவுலின் அன்றே போய், “அக்கா, மாவு நல்லாருக்குது, ஆனா காசு வாங்கிக்கணும். உங்கள யாரும் போக சொல்லப் போறதில்ல” என்றாள். ராணியம்மாள் தலையை ஆட்டினாள்; நம்பிய மாதிரி தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராணியம்மாள் தியாகதுருகத்தில் தங்கை வீட்டுக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோக வேண்டியிருந்தது. வாடிக்கைக்காரர்கள் வந்து திரும்பிப் போவார்களே என்று தயங்கிக்கொண்டிருந்தாள். “நான் இன்னிக்கு லீவுதானே, குடுத்துட்டுப் போங்க, நான் வித்து வைக்கிறேன்” என்றாள் பவுலின். நாற்பது பாக்கெட் மாவு. பவுலினின் ஃபிரிட்ஜில் பாதியும், வெளியே ஸ்டூலில் பாதியுமாக வைத்தார்கள்.

வழக்கமாக ராணியம்மாளுடைய மாவு விற்க மத்தியானம் ஆகும். சந்துக்குள் நுழைந்து, கதவைத் தட்டி வாங்க வேண்டும், தெரிந்தவர்கள்தான் வருவார்கள். அன்றைக்கு ஷட்டர் திறந்திருந்தது. சாலையில் போகிறவர்கள் கண்ணில் ஸ்டூல் பட்டது. ஒரு வண்டி நின்றது, பின்னாலேயே இன்னொன்று நின்றது. பூசைக்குப் போய்த் திரும்பியவர்கள், மார்க்கெட் போகிறவர்கள், கறி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லோரும் நின்றார்கள். இத்தனை நாளும் ஜெராக்ஸ் கேட்டு ஏமாந்தவர்கள்கூட, கடைசியில் இங்கே ஏதோ விற்கிறது என்ற சந்தோஷத்தில் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். எட்டரை மணிக்கு மாவு தீர்ந்துவிட்டது. பவுலின் தன் வீட்டுக்கு எடுத்துவைத்திருந்த பாக்கெட்டையும் கொடுத்துவிட்டு, சவரிமுத்துவுக்கு உப்புமா கிண்டினாள்.

சாயங்காலம் வந்த ராணியம்மாள் காலி ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். எட்டரைக்கே தீர்ந்துவிட்டதாகப் பவுலின் சொன்னதும், மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள்.

“எட்டரைக்கேவா?”

“இன்னும் இருபது இருந்தாலும் போயிருக்கும்க்கா.”

அவள் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். நீளத்தை, பின்சுவரை, ஜன்னலை. நாலு மாதமாக ஒரு தடவைகூட அவள் அங்கே உட்கார்ந்ததில்லை.

“நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“கேளுங்கக்கா.”

“பழைய வூட்டுக்காரர்கிட்ட இந்த ரூம்ப எத்தினியோ தடவ கேட்டேன். ஏடிஎம் வரும், ஏடிஎம் வரும்னுட்டாரு. எனக்கு எதுக்கும்மா ரெண்டு ரூமு? ஒண்ணுல நானு, ஒண்ணுல கிரைண்டரு. இதுல நடுவுல ஒரு தடுப்பு போட்டா பின்னால நான் படுத்துக்குவேன், முன்னால மாவு வித்துக்குவேன். என் போர்ஷன நீங்க எடுத்துக்குங்க. வாடக அதே குடுத்துடறேன்.”

பவுலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்களா சொல்றீங்களா, இல்ல நாங்க இதுல கெடக்கிறோமேன்னு சொல்றீங்களா?”

“மொதல்ல அதுக்காக சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா, சரி கெளம்புன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கினு வாய மூடிக்கினு இருந்தேன். இப்ப அதுக்காக இல்ல. நாப்பது பாக்கெட்டு எட்டரைக்குப் போச்சுன்னா, நூறு பாக்கெட்டு பத்து மணிக்குப் போயிடும்ல?”

அவள் முகத்தில் பயம் இல்லை, கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பவுலின் சரி என்றாள். வாடகையை மட்டும் குறைத்தாள். அறை சின்னது, அதற்குப் பெரிய போர்ஷன் வாடகை வாங்க முடியாது என்று ஒரே பிடியாக நின்றாள். ராணியம்மாளும் குறைக்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். வீட்டுக்காரி கம்மியாகக் கேட்க, குடியிருப்பவள் ஜாஸ்தியாகக் கொடுப்பேன் என்க, சவரிமுத்து நடுவில் ஒரு தொகையைச் சொல்லி எழுந்துபோனான்.

பொங்கல் கழிந்து ஒரு நல்ல நாளில் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே சந்து வழியாக ஒரே நேரத்தில் எதிரும் புதிருமாகப் போயின. கலையரசன் லீவு போட்டுவிட்டு கிரைண்டரைத் தூக்கினார். பிளைவுட் தடுப்பைச் சவரிமுத்துவே அடித்தான். கதவுக்குப் பதில் திரை போதும் என்று ராணியம்மாள் சொன்னதைக் கேட்காமல், தாழ்ப்பாளோடு ஒரு கதவே வைத்தான். கடைக்கு மின்சார இணைப்பை மாற்ற அன்புச்செல்வன் விண்ணப்பத்தைத் தன் கையாலேயே டைப் அடித்து, இரண்டு தடவை நடந்து வாங்கிக் கொடுத்தான். நான்சியின் அட்டையைக் கழற்றலாமா என்று போனில் கேட்டார்கள். ‘அல்ல’ என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு, கீழே ‘மாவு கிடைக்கும்’ என்று எழுதச் சொன்னாள்.

ஷட்டருக்குப் பதில் கதவு வைத்த போர்ஷனில் படுத்து எழுந்த முதல் காலையில் பவுலின் வழக்கம்போல் ஐந்தரைக்கு விழித்துவிட்டாள். முன்பக்கம் ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்க வேண்டியதில்லை. சமையலறை ஜன்னலில் வெளிச்சம் வரும்வரை படுத்தே கிடந்தாள்.

வைகாசியில் ஆலை அரவை முடிந்து சவரிமுத்து ஒரு வாரம் லீவில் வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது என்று முடிவானது. ஆறு வருஷமாக யாரும் கழுவவில்லை என்று கலையரசன் சொன்னார். எட்டு வருஷம் என்று ராணியம்மாள் திருத்தினாள். சவரிமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். கலையரசனின் பெண்கள் இருவரும் வாளி வாளியாகச் சேற்றை வாங்கி ஊற்றினார்கள். பெரியவளுக்குப் பரீட்சை ரிசல்ட் வந்திருந்தது. கணக்கில் தொண்ணூற்று நாலு. அன்புச்செல்வன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்த வேலையும் செய்யாமல் எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். மலர்விழி மோர் கொண்டுவந்தாள்.

“பவுலின், பிரஷ்ஷு தேஞ்சிபோச்சு. வேற இருக்குதா பாரு” என்று தொட்டிக்குள்ளிருந்து சவரிமுத்துவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

“இருங்க, கொண்டாறேன்” என்று படியிறங்கினாள் பவுலின். கீழே மாவுக்கடையில் ஏழெட்டு பேர் நின்றிருந்தார்கள். ராணியம்மாள் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல், “தண்ணி எப்பம்மா வுடுவீங்க? கையக்கூட கழுவ முடியல” என்று கேட்டாள், கொஞ்சம் அதட்டலாகவே.

“ஒரு மணி நேரம் ஆவும்க்கா” என்றாள் பவுலின். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் ஒரு குடம் தண்ணீரைக் கடைக்குள் வைத்துவிட்டு, மறுபடி மாடி ஏறினாள்.